பழங்காசு திரட்டிய அறிஞர் சர் வால்டர் எலியட்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையில் புழல் என்னும் பழம்பதி அமைந்துள்ளது. அங்கு எழுந்தருளியுள்ள ஆதிநாத பகவானை நம்மவர் பலர் தரிசித்திருப்பர். தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சென்று வருவோர் அவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். ஆயினும், ஒரு காலத்தில் அவ்வூர் தொண்டை மண்டலத்துக் குறும்பர்களின் தலைநகராய் விளங்கியது என்றும், அவர்தம் ஆட்சியில் 24 கோட்டங்கள் இருந்தன என்றும், ஒரு சமண முனிவர் அங்கு வந்து அவர்களுக்கு அறம் உரைத்துப் பள்ளி எழுப்பச் செய்தார் என்றும், பின்னர் ஆதொண்டச் சோழன் அவர்களை வென்றான் என்றும் வழங்கிவரும் மரபுச் செய்தியை அறிந்தோர் சிலரே. கர்னல் காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அக்குறும்பர்கள் கடல் வாணிகமும் செய்தனர் என்று அம்மரபு கூறும். அந்தச் சொல்லுக்குச் சான்று உண்டா என்று ஆராய்ந்து, கடற்கரை மணலில் கிடைத்த சிறு ஈயக்காசுகளைக் கையில் எடுத்து நோக்கியவர் ஒருவர். அவரே சர் வால்டர் எலியட். தென்னிந்திய நாணயவியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர். அவர்தம் வரலாற்றை இம்மலர் வாயிலாக நினைவுகூர்வது பொருத்தமாகும்.

பிறப்பும் வருகையும்

வால்டர் எலியட் 1803-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் வுல்ஃப்லீ என்னும் ஊரின் நிலக்கிழார். ஹெய்லிபரிக் கல்லூரியில் பயின்ற எலியட், 1820-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணிக்குத் தேர்வு பெற்று, மறு ஆண்டு சென்னையில் கரையிறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 18.

அவ்வாண்டிலேதான் மெக்கன்சி காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், சென்னையின் கலெக்டராய் இருந்து தமிழை உயிரெனப் போற்றிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் இராமநாதபுரத்தில் மறைந்திருந்தார். எல்லிஸ் 1812-இல் உருவாக்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில்தான் இளைஞர் எலியட் தென்னாட்டு மொழிகளைக் கற்றார். முன்னோர் இருவரும் விட்டுச் சென்ற பணி, அறியாமலே அவர் தோளில் வந்து அமர்ந்தது எனலாம்.

அவர் வந்த காலம் நாணயங்களுக்கு ஒரு மாறுதற்காலம். சென்னையில் அதுவரை வராகன், பணம், காசு என்பதே கணக்கு. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818-இல் கம்பெனியார் ரூபாயையே சென்னையின் அடிப்படை நாணயமாக ஆக்கினர். மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. பின்னர் 1835-இல் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே வகை ரூபாய் வந்தது. வழக்கொழிந்த பொற்காசுக்கு நிறையும் மாற்றுமே மதிப்பு. ஆகவே சராப்புக் கடைகளிலும் தட்டார் உலைகளிலும் நூற்றாண்டுப் பழமையுடைய காசுகள் உருகி மறைந்தன. ஒரு நாணயம் உருகும்பொழுது பொன் எஞ்சும். அதில் பொறித்திருந்த அரசன் பெயரும் குலச்சின்னமும் எஞ்சுவதில்லை. இந்த இழப்பினைத் தம் கண்முன் கண்ட இளம் அதிகாரி எலியட்.

கித்தூரில் நேர்ந்த இடர்

1823-இல் சேலத்தில் உதவி கலெக்டராய்ப் பணியேற்ற எலியட், விரைவில் தார்வாரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மராட்டிய நாட்டிற்கு மாற்றப்பட்டார். அங்கு அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. கித்தூர் அரசின் வாரிசுரிமையைக் கம்பெனியார் ஏற்க மறுத்தமையால், அரசி சென்னம்மா எதிர்த்து நின்றார். 1824-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் நிகழ்ந்த மோதலில் எலியட்டின் மேலதிகாரியான தாக்கரே கொல்லப்பட்டார். எலியட்டும் ஸ்டீவன்சன் என்னும் மற்றோர் அதிகாரியும் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டனர். சில வாரங்கள் கழிந்த பின்னரே அவர்கள் உயிருடன் விடுவிக்கப்பட்டனர்.

இத்தகைய அனுபவத்திற்குப் பின் அந்நாட்டை வெறுத்து ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். எலியட் 1833 வரை அப்பகுதியிலேயே பணிபுரிந்தார். அந்நாட்டு மக்களின் மொழியையும் பழக்கவழக்கங்களையும் கற்றார். ஊர்தோறும் கிடந்த கல்வெட்டுகளைப் பழங்கன்னடம் அறிந்த உள்ளூர் அறிஞர்களின் துணையோடு படியெடுத்தார். இவ்வாறு அவர் சேர்த்த படிகள் 595. அவற்றை ஆதாரமாகக் கொண்டு சாளுக்கியர் முதலிய மரபினரின் வரலாற்றை வரிசைப்படுத்தி, 1830-களில் இராயல் ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்டார். அதுவரை பெயரளவில்கூட உலகம் அறியாதிருந்த மன்னர் பலர் அதன்பின் வரலாற்றில் இடம் பெற்றனர்.

அந்தக் கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் பல, சமண பஸதிகளுக்கு நிலமும் பொன்னும் அளித்த செய்தியைக் கூறுவன. கதகத்திற்கு அருகிலுள்ள லக்குண்டி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தானசிந்தாமணி என்று போற்றப்படும் அத்திமப்பை அம்மையார் ஜினாலயம் எழுப்பிய ஊர் அது. அவ்வூரிலேயே சாளுக்கியர் காலத்து நாணயச்சாலையும் இருந்தது. லொக்கி கத்யாணம் என்னும் பொற்காசு அவ்வூர்ப் பெயரால் வழங்கியதே. கோயிலும் நாணயச்சாலையும் ஒரே ஊரில் இருந்த நிலப்பகுதியில் கல்வெட்டைத் தேடியவர் கண்ணில் காசும் படுதல் இயல்பே.

கல்வெட்டும் காசும்

எலியட்டின் முறை எளியது; ஆனால் அக்காலத்தில் அரியது. காசினை அழகுப் பொருளாகவோ பொன்னாகவோ மட்டும் அவர் மதிக்கவில்லை. கல்வெட்டு மன்னனின் பெயரையும் காலத்தையும் தரும். காசு அவன் சின்னத்தைத் தரும். இரண்டையும் ஒப்பிட்டால் ஊமையாய்க் கிடந்த காசு பேசத் தொடங்கும். சாளுக்கியரின் சின்னம் பன்றி. பன்றியுருவம் பொறித்த காசு வராகம் எனப்பட்டது. அச்சொல்லே வராகன் என்று தமிழ்நாட்டுக் கடைவீதி வரை வந்து, பன்றியுருவம் இல்லாத பொற்காசுகளுக்கும் பெயராயிற்று. கிண்ணம்போல் குழிந்து நடுவில் தாமரை பொறித்த பத்மடங்கம் என்னும் பொற்காசுகளையும் அவர் ஆராய்ந்து வகைப்படுத்தினார். இன்றளவும் காசு சேர்ப்போர் பெரிதும் விரும்பித் தேடும் தென்னாட்டுக் காசுகளுள் இவையும் அடங்கும்.

விடுப்பில் தாயகம் சென்ற எலியட், உறவினரான எல்பின்ஸ்டன் பிரபு சென்னை ஆளுநராக நியமனம் பெற்றபோது அவருடைய அந்தரங்கச் செயலராகத் திரும்பி வந்தார். பின்னர் வருவாய் வாரியத்தில் பணிபுரிந்தார். 1845-இல் வறுமையுற்று வருவாய் குன்றிய குண்டூர்ப் பகுதியின் நிலையை ஆராய அனுப்பப்பட்டார். அதனைத் தொடர்ந்து 1854 வரை வடசர்க்கார் மாவட்டங்களின் ஆணையராக இருந்தார். இறுதியில் சென்னை ஆளுநர் அவையின் உறுப்பினரானார். 1858 நவம்பரில் இந்திய ஆட்சியை விக்டோரியா அரசியார் ஏற்றதைச் சென்னையில் அறிவிக்கும் பொறுப்பு, ஆளுநர் ஹாரிஸ் பிரபு நோயுற்றிருந்தமையால், மூத்த உறுப்பினரான எலியட்டையே சார்ந்தது.

அரசுப் பணியின் இத்தனைச் சுமைக்கிடையிலும் நாணய ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. சென்னையில் வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் 1850-களின் பிற்பகுதியில் நாணயங்கள் பற்றிய கட்டுரைகளை எழுதினார். விலங்கியலிலும் தாவரவியலிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. சார்லஸ் டார்வின் வேண்டியபோது இந்நாட்டுப் புறா, கோழி இனங்களின் மாதிரிகளை அனுப்பி உதவினார். தென்னாட்டு மரமூஞ்சூறு ஒன்றின் அறிவியற் பெயரில் இன்றும் அவர் பெயர் நின்று நிலவுகின்றது.

கப்பற்காசு

இனி நம் பகுதிக்கு வருவோம். சோழமண்டலக் கடற்கரையில் பலத்த காற்றும் மழையும் ஓய்ந்த பின்னர், மணல் விலகிய இடங்களில் ஏழை எளியோர் சென்று சிறு காசுகளையும் மணிகளையும் பொறுக்கி எடுப்பதுண்டு. அவ்வாறு கிடைத்தவற்றுள் ரோமாபுரிக் காசும் உண்டு. நம் நாட்டு ஈயக்காசும் செப்புக்காசும் உண்டு. அவற்றுள் ஒரு வகை, இரண்டு பாய்மரங்களையுடைய கப்பல் பொறித்தது. சிலவற்றின் மறுபுறத்தில் வட்டங்களால் ஆன உஜ்ஜயினிக் குறி காணப்படும்; வேறு சிலவற்றில் காளையுருவம் காணப்படும். விரல்நுனியில் அடங்கும் இந்தச் சிறுகாசில், பாரதத்தின் கீழைக்கடல் வாணிகம் முழுவதும் உருவகமாய் அமைந்துள்ளது. ஈயம் விரைவில் அரிக்கப்படும் உலோகமாதலால் கப்பல் தெளிவாகத் தெரியும் காசுகள் மிகச் சிலவே. ஆகவே அவை சேர்ப்போர் உள்ளத்தை இன்றும் ஈர்க்கின்றன.

இக்காசுகள் கிடைத்த நிலப்பகுதியையும், புழல் குறும்பர் கடல் வாணிகம் செய்தனர் என்னும் மரபினையும் இணைத்து நோக்கிய எலியட், இவற்றைக் குறும்பரோடும் பல்லவரோடும் தொடர்புபடுத்தினார். இக்கருத்து நிலைபெறவில்லை. 1908-இல் ரேப்சன் என்னும் அறிஞர் வெளியிட்ட அட்டவணையில் கப்பற்காசுகள் சாதவாகன மரபோடு சேர்க்கப்பட்டன. எழுத்துப் பொறித்த காசுகள் மேன்மேலும் கிடைக்க, அம்முடிவு வலுப்பெற்றது. காளையுருவம் உடைய சில வகைகள் பல்லவர்க்குரியன எனக் கொள்ளப்படுகின்றன.

எலியட்டின் முடிவு திருத்தப்பட்டது உண்மையே. ஆயின் அதனைத் திருத்துவதற்கு வேண்டிய சான்றினை வழங்கியவரும் எலியட்டே. எந்தக் கரையில் எந்த வகை கிடைத்தது, எடை எவ்வளவு, உருவம் எத்தகையது என்று அவர் எழுதி வைத்தமையால்தான் பின்வந்தோர் ஆராய முடிந்தது. கிடைத்த இடம் எழுதப்படாத காசு, எவ்வளவு அரியதாயினும், பெற்றோர் பெயர் அறியாத குழந்தையைப் போன்றது. புழலுக்கும் கப்பற்காசுக்கும் அவர் கண்ட தொடர்பு நிலைக்காமற்போனாலும், புழலின் பழமைச் செய்தி அறிஞர் உலகில் எண்ணத்தக்கதாய் ஆனதில் அவர்க்கும் பங்குண்டு.

திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் பழவேற்காடு என்னும் துறைமுகமும் உண்டு. ஒல்லாந்தர் 1613-இல் அங்கு கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்கள் அங்கு நாணயச்சாலை நடத்திச் செப்புக்காசும் பொன் வராகனும் அடித்தனர். அவர்தம் கம்பெனியின் முத்திரை பொறித்த பழவேற்காட்டுச் செப்புக்காசும் இன்று சேர்ப்போர் விரும்பும் பொருள்களுள் ஒன்று. எலியட் சென்னைக்கு வந்த ஆண்டில் பழவேற்காடு இன்னும் ஒல்லாந்தர் வசமே இருந்தது. 1825-இல்தான் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சிறிது தொலைவே உள்ள ஓர் ஊர், ஒரு காலத்தில் காசு அடித்து உலக வாணிகத்தில் விட்டது என்பதை இப்பகுதி இளைஞர் அறிதல் வேண்டும்.

அமராவதிக் கற்கள்

எலியட்டின் வாழ்வில் மாசு ஏதும் இல்லை என்று கூறுவது வரலாற்றுக்கு உகந்ததன்று. 1845-இல் அவர் அமராவதி பௌத்தத் தூபியை அகழ்ந்து, எழில்மிகு பளிங்குச் சிற்பங்கள் பலவற்றை வெளிக்கொணர்ந்தார். அவை சென்னைக்கு வந்து, அருங்காட்சியகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் நெடுநாள் கிடந்தன. 1859-இல் அவற்றுள் பெரும்பகுதி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அங்கும் ஒரு கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்து, 1867-இல் பெர்கூசன் என்னும் அறிஞர் கண்ணில் பட்ட பின்னரே உரிய கவனம் பெற்றன. எலியட் பளிங்குகள் என்ற பெயரில் வழங்கிய அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவர் எடுத்திராவிடில் அக்கற்கள் சுண்ணாம்புக் காளவாயில் வெந்திருக்கும் என்பர் ஒரு சாரார். பிறந்த மண்ணைவிட்டுப் பிரித்தது தவறு என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. காத்தலும் கவர்தலும் ஒரே கையால் நிகழக்கூடும் என்பதற்கு அமராவதி ஒரு சான்று. அவர் திரட்டிய நாணயங்களும் இறுதியில் அதே அருங்காட்சியகத்தையே சென்றடைந்தன. தென்னாட்டு மண்ணில் பிறந்த காசுகளைக் காண நம்மவர் கடல் கடக்க வேண்டியுள்ளது என்னும் வருத்தம் நியாயமானதே.

கண்ணொளி குன்றியபின்

1860-இல் ஓய்வு பெற்ற எலியட் தம் சொந்த ஊரான வுல்ஃப்லீக்குத் திரும்பினார். 1866-இல் சர் பட்டம் பெற்றார். 1878-இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ் வந்து சேர்ந்த அக்காலத்திலேயே பார்வை மங்கத் தொடங்கியது. வாழ்நாள் முழுவதும் தேய்ந்த எழுத்துகளை உற்று நோக்கிய கண்கள், முதுமையில் முற்றிலும் ஒளி இழந்தன.

நாணயம் திரட்டுவோர்க்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை. பேழை நிறையப் பொற்காசு இருந்தும் அவற்றுள் ஒன்றையேனும் காண இயலாத நிலை. எலியட் சோர்ந்துவிடவில்லை. நினைவில் நின்றதையும், முன்னர்க் குறித்து வைத்ததையும், பிறர் படித்துக் காட்டியதையும் துணையாகக் கொண்டு, சொல்லச் சொல்லப் பிறர் எழுத, தென்னிந்திய நாணயங்கள் என்னும் நூலை முடித்தார். 1886-இல் லண்டனில் அது வெளியாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 83. தென்னாட்டு மரபுகளின் நாணயங்களை வரிசைப்படுத்திக் கூறிய அந்நூலைத் தொடாமல் பின்வந்த எந்த ஆராய்ச்சியாளரும் இத்துறையில் நடைபயின்றதில்லை.

எல்லிஸின் ஏடுகளும் இறுதி நாளும்

இன்னொரு தொண்டினையும் குறிப்பிடல் வேண்டும். எல்லிஸ் துரை திருக்குறளுக்கு விளக்கம் எழுதியவர். சென்னையின் கருவூலமும் நாணயச்சாலையும் அவர் பொறுப்பில் இருந்தபோது, குடையின்கீழ் அமர்ந்த துறவியாகத் திருவள்ளுவரைப் பொறித்துப் பொற்காசு வெளியிட்டார் என்பது நாம் அறிந்ததே. அத்திருமேனி சமண முனிவரின் அமைதியை உடையதாய்த் தோன்றுவதால், வள்ளுவரை நம் மரபினராகப் போற்றும் நமக்கு அது இருமடங்கு இனியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐராவதம் மகாதேவன் அவர்கள் அக்காசினை ஆராய்ந்து உலகறியச் செய்தார். தமிழ்நாட்டுக் காசு சேர்ப்போர் அனைவரும் ஒருமுறையேனும் காண விழையும் காசு அது. விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே அறியப்பட்டுள்ள அக்காசுகள் அருங்காட்சியகங்களின் காவலில் உள்ளன.

எல்லிஸ் மறைந்தபின் அவர் ஏடுகளுக்கு நேர்ந்த கதி பரிதாபமானது. மதுரையில் ஒரு சமையற்காரர் அடுப்பு மூட்டப் பல மாதங்கள் அவை பயன்பட்டன என்னும் செய்தியைப் பதிவு செய்தவர் எலியட்டே. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்த அவர், அவற்றைத் தம் பேழையிலேயே பூட்டி வைக்கவில்லை. தமிழறிஞர் ஜி. யு. போப் அவர்களிடம் அளித்தார். போப் வாயிலாக அவை ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தை அடைந்து இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

1887-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் காலை. பார்வையற்ற அந்த முதியவர், போப் அவர்களின் திருக்குறள் பதிப்பைப் பற்றி முதல்நாள் கேட்டு மகிழ்ந்த செய்தியைக் குறிப்பிட்டு, அவருக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, தம் கையாலேயே ஒப்பமிட்டார். அன்று மாலை அவர் ஆவி பிரிந்தது. 84 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் இறுதிச் சிந்தனைகளுள் ஒன்று திருக்குறளாய் அமைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

இல்லறத்தார்க்கு உரைத்த அணுவிரதங்களுள் பொருள் வரைதல் ஒன்று. பொருளை அறவே துறத்தல் முனிவர்க்கு ஆகும். இல்லறத்தார் அதற்கு எல்லை வகுத்துக்கொள்ளல் வேண்டும். காசு சேர்க்கும் ஆர்வம் எளிதில் பேராசையாய் மாறக்கூடியது. ஒன்று கிடைத்தால் அடுத்ததை நாடும்; பிறரிடம் இல்லாததை நாடும். எலியட் வேற்றுச் சமயத்தவர். நம் விரதங்களை அறிந்து ஒழுகியவர் என்று கூறுவதற்கில்லை. எனினும், சேர்த்ததை அறிவாக்கி, அவ்வறிவைப் பிறர்க்கு வழங்கிய அளவில், பொருளின்மேல் கொண்ட பற்றுக்கு ஓர் எல்லை வகுத்தவராக அவரைக் காண்கின்றோம்.

கும்மிடிப்பூண்டி முதலிய பகுதிகளில் தொழிற்சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் அடித்தளம் தோண்டும் பணி ஓய்வின்றி நடைபெறுகின்றது. மண்ணுக்குள் பழம்பானையோ காசுக் குவியலோ வெளிப்படுமாயின், அதனைப் பங்கிட்டுக் கொள்வதும் உருக்குவதும் சட்டப்படியும் குற்றம், அறத்தின்படியும் குற்றம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிவித்தாலும் செய்தி உரியவரைச் சேரும். வீட்டில் முன்னோர் விட்டுச் சென்ற பழங்காசு இருப்பின், புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் வேண்டா. அந்தத் தேய்ப்பில் அழிவது அழுக்கு மட்டுமன்று, எழுத்தும் அழியும். யாரிடமிருந்து, எந்த ஊரில், எப்பொழுது கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் காசோடு வைத்தால் போதும். வருங்காலத்து ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு அந்தத் தாள், காசைவிட மதிப்புடையதாய் அமையும்.

அடுத்த முறை புழல் ஆதிநாதரைத் தரிசித்துத் திரும்பும்பொழுது, அவ்வூரின் பெயரை ஒரு சிறு ஈயக்காசோடு இணைத்து எண்ணிப் பார்த்த அந்த ஸ்காத்லாந்து அறிஞரையும் ஒரு கணம் நினைவோமாக.